கறுப்பா இருந்தா கடக்நாத் ஆகிடுமா? அசல் குஞ்சு தரும் பண்ணையைக் கண்டுபிடிப்பது எப்படி?

அட்டைப்பெட்டிக்குள் கறுப்புக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். பின்னணியில் மாஸ் பிஜிஎம். திரையில் பெரிய எழுத்தில் 'நூறு சதவீதம் ஒரிஜினல் கடக்நாத், தமிழ்நாடு முழுக்க டெலிவரி'. கீழே ஒரு வாட்ஸ்அப் நம்பர். ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, மாதச் சம்பளத்தோடு கூடுதலாக ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் பலரும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அடுத்து நடக்கும் பேச்சும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அண்ணே, ஒரிஜினல்தானே?"

"தம்பி, வீடியோவைப் பாத்தீங்கல்ல? நாக்கு வரைக்கும் கறுப்பு. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

பணம் ஜிபேயில் போய்விடும். குஞ்சும் வந்துவிடும். கறுப்பாகவே வளரும். பிரச்சினை தெரிவது அதற்கு ஓர் ஆண்டு கழித்து. அந்தக் கோழிகள் முட்டையிட்டு, அந்த முட்டைகள் பொரிந்து, இரண்டாம் தலைமுறையில் வெள்ளைத் தோலோடு குஞ்சுகள் எட்டிப் பார்க்கும்போதுதான் 'நம்ம வாங்கினது கலப்பு' என்பது புரியும். அதற்குள் தீவனம், கொட்டகை, மருந்து என்று எல்லாச் செலவும் முடிந்திருக்கும். வீடியோ போட்டவர் நம்பர் மாறியிருக்கும்.

அப்போ, நிறத்தை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? அசல் கடக்நாத் வளர்ப்பவரை எப்படித் தேடுவது? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கடக்நாத் எந்த ஊர்க் கோழி?

மத்தியப் பிரதேசத்தின் மேற்கு ஓரத்தில், குஜராத் எல்லையை ஒட்டி இருக்கின்றன ஜாபுவா, அலிராஜ்பூர் மாவட்டங்கள். பில், பிலாலா பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டு முற்றத்தில் வளர்த்துவந்த கோழிதான் கடக்நாத். உள்ளூரில் இதைக் 'காலி மாசி' என்பார்கள். கறுப்புக் கறி என்று பொருள்.

பெயருக்கு ஏற்ற மாதிரி இதன் தோல், கறி, எலும்பு, உள்ளுறுப்புகள் எல்லாமே கருமை படர்ந்தவை. கொண்டையும் தாடியும் சிவப்பாக இல்லாமல் நீலம் கலந்த கறுப்பில் இருக்கும். நாக்கும் கறுப்புதான். ஆனால் ரத்தம் சிவப்பு. முட்டை ஓடு வெளிர் பழுப்பு. 'கடக்நாத்தின் கறுப்பு முட்டை' என்று ஃபார்வர்டு ஆகும் படங்கள் அத்தனையும் சும்மா. கறுப்பு முட்டையைக் காட்டி ஒருவர் விற்கிறார் என்றால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கடக்நாத்தில் மூன்று வகை உண்டு. ஒன்று முழுக் கறுப்பு. இன்னொன்று இறகில் வெள்ளைக் கோடுகள் ஓடும் பென்சில் வகை. மூன்றாவது, பொன்னிறம் கலந்த கோல்டன் வகை. ஆக, இறகு முழுக்கக் கறுப்பாக இல்லை என்பதற்காக ஒரு கோழியைப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாள் குஞ்சுகளேகூட நீலம் கலந்த கறுப்பில், முதுகில் ஒழுங்கற்ற கருங்கோடுகளோடு இருக்கும்.

சேவல் சுமார் 1.8 முதல் 2 கிலோ வரையும், பெட்டை 1.2 முதல் 1.5 கிலோ வரையும் வளரும். முதல் முட்டைக்குச் சுமார் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 80 முதல் 100 முட்டை என்பது பொதுவான கணக்கு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பொய் சொல்லும் வியாபாரியைப் பிடிக்க இதுவே பின்னால் உதவும்.

'ஜிஐ சான்று பெற்ற குஞ்சு' என்று ஒன்று உண்டா?

விளம்பரங்களில் அதிகம் அடிபடும் வார்த்தை இது. 2018-ல் கடக்நாத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஜாபுவாவில் இயங்கும் கிராமின் விகாஸ் டிரஸ்ட் 2012-லேயே இதற்கு விண்ணப்பித்திருந்தது. இடையில் சத்தீஸ்கரின் தந்தேவாடாவும் 'இது எங்க ஊர்க் கோழியும்தான்' என்று உரிமை கோரியது. கடைசியில் குறியீடு ஜாபுவாவுக்குப் போனது.

ஆனால் அந்தக் குறியீடு எதற்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான் முக்கியம். பதிவாகியிருப்பது ஜாபுவா கடக்நாத் கோழியின் கறி. அதாவது, அந்தப் பகுதியில் வளர்ந்த கோழியின் கறியை அந்தப் பெயரில் விற்கும் உரிமை. தருமபுரியிலோ திண்டுக்கல்லிலோ பொரித்த குஞ்சுக்கு அந்தச் சான்று பொருந்தாது. அசல் ஜாபுவா கோழியைக் கொண்டுவந்து இங்கே வளர்த்தாலும், அதன் கறியை 'ஜிஐ' என்ற பெயரில் விற்க முடியாது.

ஆகவே ஒருவர் 'எங்க குஞ்சுக்கு ஜிஐ சர்டிஃபிகேட் இருக்கு' என்று ஒரு பேப்பரை நீட்டினால், இரண்டில் ஒன்றுதான். ஒன்று, அவருக்கே அது என்னவென்று தெரியவில்லை. அல்லது, தெரிந்தே சொல்கிறார்.

இன அங்கீகாரம் என்பது வேறு. ஹரியாணாவின் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் நாட்டின் கால்நடை, கோழி இனங்களைப் பதிவு செய்கிறது. அந்தப் பட்டியலில் கடக்நாத் ஓர் அங்கீகரிக்கப்பட்ட இனம். அதுவும் இனத்துக்கான அங்கீகாரம்தான். தனித்தனிப் பண்ணைக்கோ, தனித்தனிக் குஞ்சுக்கோ கொடுக்கும் நற்சான்று கிடையாது.

நிறம் ஏன் ப்ரூஃப் ஆகாது?

இங்கேதான் கொஞ்சம் அறிவியல் தேவைப்படுகிறது. பயப்பட வேண்டாம், எளிதுதான்.

கடக்நாத்தின் கருமைக்குக் காரணம் மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம். கோழியின் 20-வது குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டிப்பாகி இடம் மாறி அமைந்திருக்கிறது. அந்தப் பகுதியில் எண்டோதெலின்-3 என்ற மரபணு இருக்கிறது. அது கூடுதலாக வேலை செய்வதால், நிறமி உருவாக்கும் செல்கள் தோலோடு நிற்காமல் தசை, எலும்பு வரை பரவுகின்றன. சீனாவின் சில்கி, இந்தோனேசியாவின் அயம் செமானி ஆகிய கருங்கோழிகளிலும் இதே மாற்றம்தான். போபாலில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் கடக்நாத்தின் மரபணுவிலும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

விஷயம் என்னவென்றால், இந்த மாற்றம் ஓங்கு பண்பு கொண்டது. அப்பா அல்லது அம்மா, யாராவது ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், கருமை தெரிய ஆரம்பித்துவிடும்.

இதோடு இன்னொரு மரபணுவும் விளையாடுகிறது. தோலில் கருமையைத் தடுக்கும் மரபணு அது. பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. சாதாரண வெளிர்கால் கோழிகளிடம் இந்தத் தடுப்பு உண்டு. கருங்கால் நாட்டுக்கோழிகளிடம் பொதுவாக இருக்காது. இதன் கணக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

கடக்நாத் சேவலைத் தடுப்பு மரபணு உள்ள வெளிர்கால் பெட்டையோடு சேர்த்தால், பிறக்கும் பெட்டைக் குஞ்சுகள் நன்றாகவே கறுப்பாக இருக்கும். சேவல் குஞ்சுகள் மட்டும் மங்கலாக வரும். 1911-லேயே பேட்சன், பன்னெட் என்ற இரண்டு பிரிட்டிஷ் மரபியலாளர்கள் சில்கி சேவலையும் லெகார்ன் பெட்டையையும் வைத்து இதைக் காட்டிவிட்டார்கள்.

அதே கடக்நாத் சேவலைக் கருங்கால் நாட்டுப் பெட்டையோடு சேர்த்தால்? தடுக்க ஆள் இல்லை. சேவல், பெட்டை இரண்டுமே கறுப்பாகத்தான் வரும். பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். நாக்கைத் திறந்து பார்த்தாலும் கறுப்பு. ஆனால் பாதிதான் கடக்நாத்.

இந்தக் கலப்புக் கோழிகளையே அண்ணன் தங்கையாகச் சேர்த்துக் குஞ்சு பொரித்தால் வேடிக்கை ஆரம்பிக்கும். சராசரியாக நான்கில் ஒரு குஞ்சுக்கு அந்தக் கருமை மரபணு வந்து சேராது. வெள்ளைக் குஞ்சு எட்டிப் பார்ப்பது இங்கேதான். முதல் தலைமுறையில் ஒளிந்திருந்த கலப்பு, வாங்கியவர் வீட்டு இன்குபேட்டரில் வெளியே வருகிறது.

ஆக, கறுப்பாக இல்லாத கோழியைக் கடக்நாத் இல்லை என்று சொல்லலாம். கறுப்பாக இருக்கிறது என்பதால் அது கடக்நாத் என்று சொல்ல முடியாது. குஞ்சைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. அதன் அப்பா அம்மாவைத்தான் பார்க்க வேண்டும். தேட வேண்டியது நல்ல குஞ்சை இல்லை, நல்ல தாய்மந்தை வைத்திருப்பவரை.

இதைவிட மலிவான ஏமாற்றும் ஒன்று உண்டு. ஆஸ்ட்ரலார்ப் என்ற ஆஸ்திரேலிய இனத்தின் குஞ்சுகள் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், வளர்ந்தால் இறகு மினுமினுக்கும் கறுப்பு. அதையும் 'கருங்கோழி' என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. இதைப் பிடிப்பது சுலபம். ஆஸ்ட்ரலார்ப்புக்குக் கொண்டை சிவப்பு, தோல் வெள்ளை. இறகை விலக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கலப்புக் கோழி என்றாலே மோசம் என்றும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் இஜத்நகரில் இருக்கும் மத்தியப் பறவைகள் ஆராய்ச்சி நிறுவனமே கடக்நாத்தைக் கலந்து 'காரி ஷ்யாமா' என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறது. முட்டைக்கும் புறக்கடை வளர்ப்புக்கும் அது பயன்படுகிறது. வித்தியாசம் இதுதான்: அவர்கள் கலப்பைக் கலப்பு என்று சொல்லித் தருகிறார்கள்.

விற்பவர்களில் யார் யார்?

'கடக்நாத் பண்ணை' என்று போர்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, இனவிருத்தியாளர். சொந்தத் தாய்மந்தை வைத்திருப்பார். எந்தச் சேவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லுவார். இரண்டாம் வகை, குஞ்சு பொரிப்பகம் மட்டும் நடத்துபவர். நாலு ஊரிலிருந்து முட்டை வாங்கி இன்குபேட்டரில் வைத்துப் பொரித்துத் தருவார். முட்டை எந்தக் கோழி இட்டது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். மூன்றாம் வகை, வியாபாரி. குஞ்சை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் விற்பார். ரீல்ஸில் அதிகம் தென்படுபவர் இவர்தான்.

கறிக்காகப் பத்து கோழி வளர்க்கப் போகிறவருக்கு மூன்றாம் வகைகூடப் பரவாயில்லை. ஆனால் மந்தை உருவாக்கி, முட்டையும் குஞ்சும் விற்கலாம் என்று இறங்குபவர் முதல் வகையிடம் மட்டுமே போக வேண்டும்.

எங்கே தேடுவது?

ஆரம்பப் புள்ளி ஜாபுவா வேளாண் அறிவியல் நிலையம். குவாலியரின் ராஜமாதா விஜயராஜே சிந்தியா வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இந்த நிலையம் கடக்நாத் தாய்மந்தையும் குஞ்சு பொரிப்பகமும் வைத்திருக்கிறது. அந்தப் பகுதிப் பழங்குடி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களும் விற்கின்றன. அந்தச் சங்கங்களை வாங்குபவர்களோடு இணைக்க 2018-ல் மத்தியப் பிரதேச அரசு ஒரு மொபைல் ஆப் கூட வெளியிட்டது.

இங்கே ஒரு எதார்த்தம்: காத்திருக்க வேண்டும். கிரிக்கெட் வீரர் தோனி தன் ராஞ்சி பண்ணைக்காக 2020 இறுதியில் ஜாபுவாவிலிருந்து 2,000 குஞ்சுகள் கேட்டது செய்தியானது. பறவைக் காய்ச்சல் வந்து அது தள்ளிப்போய், குஞ்சுகள் ராஞ்சிக்குக் கிளம்பியது 2022-ல்தான். தோனிக்கே அந்த நிலைமை என்றால், 'நாளைக்கே 5,000 குஞ்சு அனுப்புறேன்' என்பவரிடம் சந்தேகப்பட நிறைய இருக்கிறது.

தமிழ்நாட்டில் இருப்பவர் அவ்வளவு தூரம் போக முடியாது என்றால், முதலில் தட்ட வேண்டிய கதவுகள் இவை: மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையங்கள், ஓசூரில் இருக்கும் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி, பக்கத்துக் கால்நடை மருந்தகம். இவர்களிடம் கடக்நாத் குஞ்சு கிடைக்குமா என்பது இரண்டாவது கேள்வி. 'இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் ஒழுங்கா மந்தை வச்சிருக்காங்க, யாருக்கு நீங்க தடுப்பூசி போடப் போறீங்க?' என்பதுதான் முதல் கேள்வி. ஊர்க் கால்நடை மருத்துவருக்குத் தெரியாத பெரிய பண்ணை அந்த ஊரில் இருக்க வாய்ப்பு குறைவு.

பண்ணைக்குப் போனால் எதைப் பார்ப்பது?

போனில் முடிக்காமல் நேரில் போவது அவசியம். போகும்போது குஞ்சு அறைக்கு முன்னால் தாய்மந்தையைக் காட்டச் சொல்ல வேண்டும். 'நோய் வந்துடும், உள்ளே விட மாட்டோம்' என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. நல்ல பண்ணைகள் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. ஆனால் வேலிக்கு வெளியே நின்று பார்க்கவும், வீடியோ காலில் மந்தையைக் காட்டவும் முடியும். அதுவும் முடியாது என்றால், அங்கே மந்தையே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மந்தையைப் பார்க்கும்போது கணக்குப் போட வேண்டிய விஷயங்கள் இரண்டு.

முதலாவது, முட்டைக் கணக்கு. 100 பெட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டை ஆண்டுக்குச் சுமார் 90 முட்டை இட்டால், 100 பெட்டைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 முட்டை. வாரத்துக்கு 175. வைத்த முட்டையில் 55 முதல் 60 சதவீதம் பொரிந்தால் வாரத்துக்குச் சுமார் 100 குஞ்சு. அதாவது 100 பெட்டைக்கு வாரம் 100 குஞ்சு என்பது தோராயமான வரம்பு. 100 பெட்டை வைத்துக்கொண்டு வாரம் 1,000 குஞ்சு விற்பவர், மீதி 900-ஐ எங்கிருந்து கொண்டுவருகிறார்? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது, சேவல் கணக்கு. அசல் இனமாகவே இருந்தாலும், சேவல் குறைவாக இருந்தால் நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடக்கும். குஞ்சு பொரிக்கும் அளவு குறையும், நோய் எதிர்ப்பு குறையும், ஊனக் குஞ்சுகள் வரும். மரபியலாளர்கள் இதற்கு ஒரு எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள். சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

2 சேவல், 50 பெட்டை உள்ள மந்தைக்கு விடை சுமார் 8. அதாவது பார்க்க 52 கோழி, மரபியல் கணக்கில் எட்டே கோழி. ஒவ்வொரு தலைமுறைக்கும் உள்ளினச் சேர்க்கை சுமார் 6.5 சதவீதம் கூடும். 10 சேவல், 100 பெட்டை என்றால் விடை 36, கூடுவது 1.4 சதவீதம் மட்டுமே. இந்த எண் 50-க்குக் கீழே போகக் கூடாது என்பது இனப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சிறு பண்ணைகளால் அதை எட்டுவது கஷ்டம். அதனால்தான் 'சேவலை எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாத்துவீங்க, எங்கிருந்து மாத்துவீங்க?' என்ற கேள்வி அவ்வளவு முக்கியமாகிறது.

வளர்ந்த கோழியில் கொண்டை, தாடி, நாக்கு, இறகுக்கு அடியில் இருக்கும் தோல், கால் ஆகியவற்றைப் பார்க்கலாம். சிவப்புக் கொண்டைக் கோழிகள் மந்தையில் கலந்து நின்றால் சந்தேகம் வர வேண்டும். அதே கொட்டகையில் கருங்கால் நாட்டுக்கோழிகளும் ஒன்றாக மேய்ந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். தனித்தனி அடைப்பு இல்லாத இடத்தில், விற்பவர் நல்லவராகவே இருந்தாலும் சேவல் அதைக் கேட்டுக்கொண்டு போவதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

நேரிலோ போனிலோ இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்:

• முதல் தாய்மந்தையை எங்கே, எந்த ஆண்டு வாங்கினீர்கள்? பில் இருக்கிறதா?

• இப்போது எத்தனை சேவல், எத்தனை பெட்டை?

• உங்கள் மந்தையில் வெள்ளைத் தோல் குஞ்சு வந்திருக்கிறதா? வந்தால் என்ன செய்வீர்கள்?

• ஒரு நாள் குஞ்சுக்கு மேரக்ஸ் தடுப்பூசி போட்டுத்தான் தருகிறீர்களா?

• தாய்மந்தைக்கு ராணிக்கெட், அம்மைத் தடுப்பூசிப் பதிவேடு இருக்கிறதா? புல்லோரம் பரிசோதனை செய்திருக்கிறீர்களா?

• ஓர் ஆண்டுக்கு முன்னால் உங்களிடம் வாங்கிய இரண்டு பேரைப் பார்க்க முடியுமா?

• பில்லில் 'கடக்நாத்' என்று இனத்தின் பெயரை எழுதித் தருவீர்களா?

இதில் மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் நிறையச் சொல்லும். 'எங்ககிட்ட அப்படி வந்ததே இல்ல' என்று ஒரே போடாகப் போடுபவரைவிட, 'வந்திருக்கு, அந்த ஜோடியைப் பிரிச்சு மந்தையை விட்டு எடுத்துட்டேன்' என்று சொல்பவரை அதிகம் நம்பலாம். பதிவேடு வைத்துக் கவனிப்பவருக்குத்தான் எந்த ஜோடி என்று தெரியும்.

ஓர் ஆண்டுக்கு முன்னால் வாங்கியவரைப் பார்ப்பதும் அப்படித்தான். போன மாதம் வாங்கியவர் 'சூப்பர் சார்' என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு இன்னும் தெரியாது. இரண்டாம் தலைமுறைக் குஞ்சைப் பார்த்தவருக்குத்தான் உண்மை தெரியும்.

'நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்' என்றால்?

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் கொங்கு மண்டலம் இந்த வசனத்தை ஏற்கெனவே கேட்டிருக்கிறது. 2012-ல் பெருந்துறையை மையமாக வைத்து வெடித்த ஈமு மோசடி இதே மாதிரிதான். குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நிறுவனங்கள் மூடப்பட்டதும் முதலீடு செய்தவர்கள் போலீஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தார்கள். கைவிடப்பட்ட பறவைகளுக்குத் தீவனம் போடும் பொறுப்பு அரசு நிர்வாகத்தின் தலையில் விழுந்தது.

2019-ல் இதே கதை கடக்நாத்தின் பெயரிலேயே நடந்தது. மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டம் இஸ்லாம்பூரில், குஞ்சு வாங்கினால் முட்டையையும் கோழியையும் நல்ல விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தின் மீது விவசாயிகள் புகார் கொடுத்தார்கள். வழக்குப் பதிவானது.

இரண்டிலும் பறவை வேறு, கணக்கு ஒன்று. கோழியை யார் சாப்பிடுகிறார்கள், எந்தக் கடையில் விற்கிறது என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது. முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கும் பணம், பின்னால் சேர்பவர் வாங்கும் குஞ்சின் விலையிலிருந்து வரும். புதிதாகச் சேர ஆள் குறைந்த அன்றைக்கு எல்லாம் நின்றுவிடும்.

எனவே ஒரு பண்ணை குஞ்சு விற்பதைவிட 'திட்டம்' விற்பதில் அதிக ஆர்வம் காட்டினால், அங்கிருந்து நகர்ந்துவிடுவது உத்தமம். வைப்புத்தொகை மாதிரிப் பணம் வாங்கி மாத வருமானம் தருவதாகச் சொன்னால், அது 2019-ம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும். தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் பணம் அனுப்பிக் குஞ்சே வரவில்லை என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்தப் புகார் நிற்க வேண்டுமானால் பில்லில் இனத்தின் பெயர் இருக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கடைசிக் கேள்வி.

குஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு

பொரிந்த குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தாங்கும். அந்தத் தெம்பில்தான் ஒரு நாள் குஞ்சுகள் ரயிலிலும் விமானத்திலும் பயணம் செய்கின்றன. அதற்கு மேல் இழுத்தால் சாவு கூடும். எனவே பொரிந்த தேதி, கிளம்பும் நேரம், வந்து சேரும் நேரம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வழியில் செத்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

முதல் வாரம் புரூடரில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, ஓரமாக ஒதுங்கி வாய் திறந்தால் சூடு அதிகம். முதல் வாரத்தில் லசோட்டா, இரண்டாம் வாரத்தில் கம்போரோ என்று தடுப்பூசி அட்டவணையைப் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் புதியவற்றைக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் தனியாக வைப்பது கட்டாயம்.

எடுத்த எடுப்பில் 500 குஞ்சு வாங்குவதும் தேவையில்லை. 30, 40 குஞ்சு வாங்கி, வளர்த்து, ஒரு தடவை பொரித்துப் பார்த்தால் மந்தையின் யோக்கியதை தெரிந்துவிடும். ஒரு வருடம் ஆகுமே என்றால், ஆமாம், ஆகும். 500 வாங்கினாலும் அந்த உண்மை தெரிய அதே ஒரு வருடம்தான் ஆகும். செலவு மட்டும்தான் கூடும்.

விலை குறைவாகக் கிடைத்தால் லாபம்தானே?

பிராய்லர் கோழி சுமார் 40 நாளில் இரண்டு கிலோவை எட்டிவிடும். கடக்நாத் ஒன்றரைக் கிலோவைத் தொட ஐந்து, ஆறு மாதம் ஆகும். அத்தனை மாதமும் தீவனம் போட்டாக வேண்டும். மொத்தச் செலவில் குஞ்சின் விலை சின்னப் பங்குதான். குஞ்சு வாங்குவதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, ஆறு மாதத் தீவனத்தைக் கலப்புக் கோழிக்குக் கொட்டுவது நல்ல கணக்கு இல்லை.

விற்கும் இடத்தையும் முதலிலேயே யோசிக்க வேண்டும். கடக்நாத் கறியில் கொழுப்பு குறைவு, புரதம் அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதைத் தாண்டி 'சர்க்கரையைக் குணப்படுத்தும், ஆண்மை கூடும்' என்பதெல்லாம் விளம்பர வசனம். அந்த வசனத்தை நம்பி அதிக விலை கொடுக்கும் வாடிக்கையாளர் ஒரு தடவை வாங்குவார். கோழி அசல் என்று நம்பி வாங்குபவர்தான் திரும்பத் திரும்ப வருவார்.

கலப்புக் குஞ்சு கடக்நாத் என்ற பெயரில் ஊர் ஊராகப் பரவும்போது நஷ்டம் வாங்கியவரோடு நிற்பதில்லை. அந்தக் குஞ்சு வளர்ந்து, இன்னொருவருக்குத் தாய்மந்தையாகப் போகிறது. அங்கிருந்து இன்னொருவருக்கு. சில தலைமுறை கடந்தால் எது அசல் என்று விற்பவருக்கே தெரியாது. வெள்ளைக் குஞ்சு வந்த கோபத்தில் 'கடக்நாத்தே ஃபிராடு' என்று மக்கள் ஒதுங்கினால், அந்த அடி கடைசியில் விழுவது ஜாபுவாவின் மண் வீடுகளில் இந்தக் கோழியைக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பங்களின் மேல்தான்.

அடுத்த தடவை அந்த ரீல்ஸ் கண்ணில் பட்டால், குஞ்சின் நாக்கை ஜூம் பண்ணிப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரு மெசேஜ் அனுப்பலாம்: 'அண்ணே, தாய்மந்தையைக் காட்டுங்க. எத்தனை சேவல், எத்தனை பெட்டை?' பதில் வந்தால் பேச்சைத் தொடரலாம். ப்ளூ டிக்கோடு நின்றுவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.